தெய்வத்திரு பழனிச்சாமி

போன வாரம் ஒருநாள் காலையில் காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே போனைத் திறந்தேன். கல்யாண அழைப்பு ஒன்று வந்திருந்தது. இப்போது அழைப்பு என்றால் காகிதமா வருகிறது? வீடியோதான். நாதஸ்வரம் வாசிக்கிறது, பூ உதிர்கிறது, ஒரு தென்னந்தோப்பு நடுவில் பெண்ணின் அப்பா வெள்ளை வேட்டி சட்டையோடு நின்று கையைக் கூப்பி, “எல்லாரும் குடும்பத்தோட வந்து வாழ்த்தோணுங்க” என்கிறார். குரலும் அவருடையதுதான். கடைசியில் கொஞ்சம் இழுத்துப் பேசுவார், அந்த இழுவைகூட இருந்தது. காபி என் சேலையில் கொட்டிவிட்டது. அந்த மனிதர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கிணத்துக்கடவில் அவர் வீட்டு வாசலில் நான் போய் மாலை போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

என் மகன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். “போட்டோவும் கொஞ்சம் குரலும் குடுத்தாப் போதும்மா, கம்ப்யூட்டரே பண்ணிக் குடுத்துரும். இதுக்கு எதுக்கு இப்படிப் பதறறீங்க?” என்றான். பதறாமல் என்ன செய்வது? அன்று முழுக்கப் போனைக் கையில் எடுக்கவே எனக்குத் துணிச்சல் வரவில்லை. மறுபடி கும்பிட்டுவிடுவாரோ என்று பயம்.

செத்தவரைப் பேச வைப்பது பெரிய வித்தைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயிரோடு இருந்த ஒரு மனிதரைச் செத்தவர் என்று சொன்ன பத்திரிகை ஒன்றை நானே என் விரலால் தட்டியிருக்கிறேன். இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் பேச்சு எங்கேயாவது சுற்றப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வாய் அப்படி.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். கிணத்துக்கடவிலிருந்து உக்கடம் பஸ்ஸில் தொங்காத குறையாக வந்து இறங்கி, அங்கிருந்து நடை. சந்துக்குள் திரும்பும்போதே வாசனை வந்துவிடும். மையும் மண்ணெண்ணெயும் ஈரக் காகிதமும் சேர்ந்த ஒரு வாசனை. என் துணியில் அது ஏறிப்போய், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் “ஸ்டவ் ரிப்பேர் கடையிலயா வேலை பாக்கறீங்க?” என்று கேட்டிருக்கிறார்கள். நான் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள் என்பதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன். அப்போது அது பெருமை. பஸ்ஸில் இருந்த மற்றவர்களுக்கும் கேட்க வேண்டும் அல்லவா?

முதலாளி துரை அண்ணன். கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு ஏசி போட்டிருந்தார். “இது மிஷினுக்குப் போட்டது அம்மணி, உனக்குப் போட்டதில்ல” என்று வாரம் ஒருமுறை நினைவுபடுத்திவிடுவார். ஆனால் மத்தியானம் சாப்பிட்ட பிறகு மேட்டர் சரிபார்க்கிற சாக்கில் அவரே வந்து அங்கே உட்கார்ந்து குறட்டை விடுவார்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டார் துண்டுக் காகிதத்தில் எழுதி வருவதை நான் டைப் செய்து, எழுத்தைப் பெரிசு சின்னதாக்கி, பூ பார்டர் வைத்து ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். அதுதான் புரூஃப். அவர்கள் படித்துச் சரி என்றால், அதையே கண்ணாடி மாதிரி இருக்கும் டிரேசிங் பேப்பரில் எடுப்பேன். அதை ஒரு தகட்டின் மேல் வைத்து வெளிச்சம் காட்டினால் எழுத்து தகட்டில் இறங்கிவிடும். தகட்டை மிஷின் உருளையில் மாட்டி ஓட்டினால் பத்திரிகை. சொல்லும்போது சுலபம். மையும் தண்ணீரும் ஒத்துப்போகிறவரை மிஷின் துப்புவதெல்லாம் ஒன்று வெளுத்திருக்கும், இல்லை அப்பியிருக்கும். அதனால் நல்ல கார்டை உள்ளே விடுவதற்கு முன்னால் மெல்லிசான சாதாக் காகிதத்தை ஓட்டிப் பார்ப்பார்கள். எழுத்து தெளிந்ததும் கார்டு ஏறும். ஓட்டிப் பார்த்த காகிதமெல்லாம் வேஸ்ட் என்று ஒரு மூலையில் குவியும்.

அந்தக் குவியலுக்கு எங்கள் அச்சகத்தில் ஒரு சட்டம் இருந்தது. கருமாதிப் பத்திரிகை வேஸ்ட் என்றால் கிழித்துத்தான் போட வேண்டும். இன்னொரு வீட்டுக்குள் முழுசாகப் போய்விடக் கூடாதாம். கல்யாணப் பத்திரிகை வேஸ்ட் என்றால் கிழிக்கவே கூடாது. “பிள்ளையாரு இருக்குது, பொண்ணு மாப்ள பேரு இருக்குது, அதைக் கிழிப்பாங்களா? மங்கலம் போயிராதா?” என்பார் துரை அண்ணன். அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படியாம். அதனால் கல்யாண வேஸ்ட் முழு முழுக் காகிதமாகவே உக்கடம் பழைய பேப்பர் கடைக்குப் போகும். அங்கிருந்து பொள்ளாச்சி ரோட்டில் இருக்கிற பேக்கரி, போண்டாக் கடை எல்லாவற்றுக்கும் போகும். நானே கிணத்துக்கடவில் மிளகாய் பஜ்ஜி வாங்கிப் பிரித்து, நான் வைத்த பூ பார்டரைப் பார்த்திருக்கிறேன். இங்கே ஓர் ஓரம் கோணியிருக்கிறதே என்று பஜ்ஜியை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஜ்ஜி ஆறிவிட்டது.

பிள்ளையார் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்களிடம் இருந்தது ஒரே பிள்ளையார். ஏதோ பழைய பத்திரிகையிலிருந்து ஸ்கேன் செய்தது, இடது காது பாதிதான் இருக்கும். யாரும் கண்டுபிடித்ததே இல்லை. இந்தப் பக்கத்து ஜனங்களில் பாதிப் பேருக்குக் கல்யாணம் செய்துவைத்தது அந்த அரைக்காதுப் பிள்ளையார்தான்.

புரூஃப் பார்க்க வருவதுதான் திருவிழா. கல்யாண வீட்டார் ஒரு வேன் பிடித்து வருவார்கள். என் நாற்காலிக்குப் பின்னால் கூட்டமாக நின்றுகொண்டு, ஆளாளுக்குத் திரையில் விரலை வைத்துத் தேய்ப்பார்கள். “சின்ன மாமன் பேரு கீழ போயிருச்சுங்க, அவரு மண்டபத்துக்கே வரமாட்டாரு.” “அவரு வராட்டிப் போகட்டும், எங்க சித்தப்பன் பேரு மேல ஏறோணும்.” சண்டை முற்றினால் துரை அண்ணன் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு, “எல்லாப் பேரையும் ஒரே வரிசையில படுக்கப் போட்ரலாமுங்க” என்பார். சம்பந்தக்காரர்களின் மனசைக் கெடுக்காமல் ஒரு பத்திரிகையை மிஷினில் ஏற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. அச்சில் ஏறிவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. அதனால்தான் அத்தனை அடிதடி. அச்சுக்கு அப்படி ஒரு பயம் இருந்தது.

சரசக்கா வந்த அன்று வேன் எதுவும் வரவில்லை. அவரும் அவர் கணவரின் அண்ணனும் மட்டும் வந்தார்கள். பல்லடம் பக்கத்து ஊர். பல்லடத்திலேயே அச்சகங்கள் இருக்கும்போது எதற்கு இவ்வளவு தூரம் என்று நினைத்தேன். தறியில் பாவு நூல் ஓட்டுகிற கை, பஞ்சு ஒட்டிய முந்தானை, நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் தாலி. பார்த்ததும் எனக்குப் பிடித்துப் போயிற்று. மகள் கவிதாவுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை ஈரோட்டுப் பக்கம் என்று சொன்னார். அந்தப் பெரியவர் பக்கத்தில் நின்று மேட்டரைப் படித்துக் காட்ட நான் டைப் செய்துகொண்டே வந்தேன்.

“பொண்ணோட அப்பா பேரு பழனிச்சாமி. முன்னால தெய்வத்திரு போடு கண்ணு” என்றார்.

தெய்வத்திரு என்பது செத்துப்போனவர்களுக்குப் போடுவது. என் விரல் நின்றுவிட்டது. என்னையறியாமல் சரசக்காவின் நெற்றியைப் பார்த்தேன்.

“திரு மட்டும் போதும்ங்க மாமா” என்றார் சரசக்கா.

“என்ன பேசற நீ? பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட அவன் செத்துப்போயிட்டான்னு சொல்லிப்போட்டேன். அன்னிக்கு உன்னை உள்ளயே இருக்கச் சொன்னது எதுக்குன்னு நெனைக்கற? இப்பப் பத்திரிகையில உசுரோட வந்தான்னா மண்டபத்துல வந்து கேக்கமாட்டாங்களா, எங்கய்யா பொண்ணோட அப்பன்னு?”

எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை அவரே கோபத்தில் கொட்டினார். தம்பி தறிக்கு உதிரி சாமான் வாங்கி வருகிறேன் என்று போனவன், திரும்பவே இல்லை. கவிதா அப்போது வயிற்றில். தேடாத இடமில்லை. வடக்கே லாரியில் போய் அங்கேயே செத்துப்போனான் என்று இப்போது ஊருக்குள் ஒரு சேதி விட்டிருக்கிறாராம். அவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. “போனவன் போனவந்தான். இருந்தா ஒரு நாளாச்சும் வந்திருக்க மாட்டானா?” என்றார். பல்லடத்தில் அடிக்காமல் இங்கே வந்ததும் அதனால்தான். அங்கே அச்சுக்காரர்களுக்குப் பழனிச்சாமியைத் தெரியும், கேள்வி கேட்பார்கள்.

ஒரு முடிவுக்கும் வரவில்லை. இரண்டு விதமாகவும் புரூஃப் எடுத்துக் கொடுங்கள், வீட்டில் பேசிவிட்டு வருகிறோம் என்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் சரசக்கா தனியாக வந்தார். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், யாரோ புதுசாக வந்திருக்கிறார்கள் என்று “உக்காருங்க” என்றேன். நெற்றியில் லேசாகத் திருநீறு மட்டும். கழுத்தில் ஒன்றுமில்லை. கையில் வளையல் இல்லை. ஒரே ராத்திரியில் ஒரு முகம் இவ்வளவு மாறுமா? அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ சாவுகளைப் பார்த்திருக்கிறேன். எதுவும் என்னை அப்படி அறைந்ததில்லை.

“தெய்வத்திருன்னே போட்ரு அம்மணி” என்றார்.

“அக்கா… சேதி ஏதாச்சும் வந்துதுங்களா? செத்தே போயிட்டாருங்களா?”

ஏசி அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, நேற்று மழை பெய்தது என்று சொல்வதைப் போலச் சொன்னார். “இல்ல கண்ணு. வால்பாறையில இருக்குது. இன்னொரு ஊடு, குழந்தைக எல்லாம் ஆயிப்போச்சு.”

ஒரு பஸ் டிரைவர் சொல்லி, கவிதா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயத்தில், யாருக்கும் தெரியாமல் வால்பாறைக்கு ஏறிப் போனாராம். கொண்டை ஊசி வளைவெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே போயிருக்கிறார். எஸ்டேட் லைன் வீடுகளுக்கு எதிரில் நின்று பார்த்திருக்கிறார். பழனிச்சாமி ஒரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு போவது தெரிந்தது. கூப்பிடவில்லை. வந்த பஸ்ஸே திரும்பும்போது அதில் ஏறி மலையை விட்டு இறங்கிவிட்டார். கணவரின் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

“உசுரோட இருக்கறது தெரிஞ்சும் எதுக்குங்க்கா இப்படி? பொட்டை வேற அழிச்சுப்போட்டு…” எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

“அப்பன் செத்துப்போன ஊட்டுல பொண்ணெடுப்பாங்க அம்மணி. அப்பன் ஓடிப்போன ஊட்டுல எடுக்கமாட்டாங்க. பத்திரிகையில செத்தாச்சுன்னு போட்டுட்டு நான் பொட்டு வெச்சுட்டு நின்னா, பாக்கறவங்க ஒத்துக்குவாங்களா? ரெண்டும் ஒண்ணா இருக்கோணுமில்ல.”

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத அதிர்ச்சி. நாங்கள் பத்திரிகையை வீட்டுக்குத் தகுந்த மாதிரி அடித்துக் கொடுப்பவர்கள். இந்த அம்மா பத்திரிகைக்குத் தகுந்த மாதிரி தன்னை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கவிதாவுக்கும் தெரியாது, கடைசிவரை தெரியக் கூடாது என்றார். நான் தெய்வத்திரு என்று டைப் செய்து டிரேசிங் எடுத்தேன். மிஷின் ஓடியது. பத்திரிகை நன்றாகவே வந்தது. எங்களுக்கும் ஒரு தட்டில் வைத்து, குங்குமச் சிமிழை என் பக்கம் தள்ளி, “நீயே எடுத்துக்க கண்ணு” என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆள் உள்ளே வந்தார். கோயம்புத்தூர் வெயிலில் கழுத்தில் மப்ளர். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. தலை வழுக்கை, தாடி நரைத்திருந்தது. சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் காகிதம் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். எங்கள் அரைக்காதுப் பிள்ளையார்.

யாரோ உறவுக்காரர், பெயர் விட்டுப்போயிற்று என்று சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். “அடிச்சு முடிச்சாச்சுங்ணா, இனி ஒண்ணும் மாத்த முடியாது” என்றேன் கொஞ்சம் வெடுக்கென்று.

“மாத்தறதுக்கு வரலீங்க. இது இங்க அடிச்சதுதானுங்களான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அடியில உங்க பேரு போட்டிருந்துது.”

“ஆமாங்க.”

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரைப் போல விரலை நகர்த்தி ஓர் இடத்தில் நிறுத்தினார். “இந்தத் தெய்வத்திருங்கறது செத்துப்போனவங்களுக்குப் போடறதுதானுங்களே?”

“ஆமா. ஏனுங்க?”

“அது நானுங்க” என்றார்.

என் கை கீபோர்டில் ஊன்றிவிட்டது. திரை முழுக்க ஒரே எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. துரை அண்ணன் பாதித் தூக்கத்திலிருந்து எழுந்து அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். பேய் அறைந்தாற்போல என்று சொல்வார்களே, அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அவர் நின்றபடியே சொன்னார். எஸ்டேட்டிலிருந்து தேயிலை ஏற்றிய லாரியோடு பொள்ளாச்சிக்கு இறங்கியிருக்கிறார். ரோட்டோரப் பேக்கரியில் தேங்காய் பன் வாங்கினாராம். “பன்னைத் தின்னுபோட்டுக் கசக்கி எறியப் போனேனுங்க. எங்கூரு பேரு கண்ணுல பட்டுது. அட, நம்மூராச்சேன்னு பிரிச்சேன். என்ற அப்பன் பேரு இருந்துது. அப்பறம் என்ற பேரு. அப்பறம் சரசு பேரு.” காகிதத்தின் சுருக்கத்தை விரலால் நீவிவிட்டார். “பொண்ணுங்களா பொறந்துது?”

எனக்குப் புரியவில்லை. “என்னங்க?”

“பொறந்தது பொண்ணுன்னு இதப் பாத்துத்தானுங்க எனக்குத் தெரியும். கவிதான்னு வெச்சிருக்காங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல. ஓர் ஆள் தன் மகள் இருக்கிறாள் என்பதைப் பன் சுற்றிய காகிதத்தில் படித்துத் தெரிந்துகொள்கிறான்! உலகத்தில் இப்படியும் ஒரு அப்பனா? அந்தக் காகிதத்தைச் சுருட்டி அவர் முகத்திலேயே எறியலாமா என்று இருந்தது. அவரோ அடுத்ததாக, “சரசு பொட்டு வெச்சிருக்குதுங்களா?” என்று கேட்டார்.

“நீங்கதான் செத்துப்போயிட்டீங்களே. அப்புறம் எங்கிருந்து பொட்டு?” என்றேன். துரை அண்ணன் “அம்மணி” என்று அதட்டினார். அந்த ஆள் பக்கத்தில் இருந்த காகிதக் கட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

போகும்போது ஒன்றுதான் கேட்டார். “எண்ணெ படாத பத்திரிகை ஒண்ணு இருந்தாக் குடுங்க. வெச்சுக்கறேன்.” ஆபீஸ் காப்பி என்று ஒன்று எடுத்து வைத்திருந்தோம். என் கண் தானாக அலமாரிக்குப் போயிற்று. துரை அண்ணன் தலையை ஆட்டிவிட்டார். “தப்பா நெனைக்காதீங்க. கல்யாணப் பத்திரிகைய அழைக்கறவங்கதான் கையில குடுக்கோணும். பிரஸ்ஸுல இருந்து நாங்க குடுத்தா நாங்க உங்களை அழைச்ச மாதிரி ஆயிப்போயிருமுங்க.” பிறகு குரலை இறக்கிக்கொண்டு, “அங்க போயிராதீங்க. அந்தப் புள்ள வாழ்க்கைங்க” என்றார்.

“செத்தவன் எங்கீங்க போறது?” என்றார் அவர். எண்ணெய்க் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சந்தில் இறங்கிப் போய்விட்டார். அடுத்த நாளிலிருந்து கல்யாண வேஸ்ட்டும் கட்டிங் மிஷினுக்குப் போக ஆரம்பித்தது. அப்பா காலத்துச் சட்டத்தைப் பற்றி அதற்கப்புறம் துரை அண்ணன் வாயே திறக்கவில்லை.

கல்யாணத்தன்று நான் பல்லடத்துக்குப் போனேன். சரசக்காவிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் வீட்டில் போன் இல்லை, அதுவரை சொல்ல வழியும் இருக்கவில்லை. மண்டபத்தில் மேடையில் அவரைத் தேடினால், பெரியப்பாவும் பெரியம்மாவும் நின்று கவிதாவைத் தாரை வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெற்றவள் மேடைப் பக்கமே இல்லை. தாலி கட்டுகிற நேரத்தில் பார்த்தேன், கடைசியில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். மேளம் கொட்டியதும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டு, விறுவிறுவென்று சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார். மங்கலக் காரியத்தில் அவருக்கு விட்டுவைத்த இடம் பந்தி ஒன்றுதான்.

நான் பின்னாலேயே போனேன். பந்தி நடந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டுச் சனம். சரசக்கா மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்துகொண்டிருந்தார். நானும் அதே வரிசையில் கண்ணை ஓட்டிப் பார்த்தேன். மூலையில், சுவர் பக்கமாக, மப்ளர் இல்லாமல், தாடியை மழித்துவிட்டு அந்த ஆள் உட்கார்ந்திருந்தார்.

ஓடிப்போய்ச் சரசக்காவின் கையைப் பிடித்து இழுத்துவிடலாமா? இழுத்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பெரியப்பா ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் சம்பந்தியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். யாராவது ஒருவர் “அட, பழனிச்சாமி” என்று சொல்லிவிட்டால் போதும், இப்போதுதான் கட்டிய தாலி என்ன ஆகும்? நான் மரம் மாதிரி நின்றேன்.

சரசக்கா அவரிடம் வந்துவிட்டார். குனிந்தார். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு மூச்சு நேரம் மோர் விழவில்லை. பிறகு அவர் இரண்டு கையையும் குவித்து நீட்ட, சரசக்கா ஊற்றினார். மோர் கையை மீறி இலையெல்லாம் வழிந்தது.

“இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?” என்று கேட்டார் சரசக்கா. பக்கத்து இலைக்காரரிடம் கேட்ட அதே குரல். அவர் தலையை ஆட்டினார். சரசக்கா அடுத்த இலைக்குப் போனார்.

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் சரசக்காவைப் பிடித்தேன். “அக்கா, அந்த மூலையில உக்காந்திருந்தாரே, அது…” என்று ஆரம்பித்தேன்.

“ஆரு கண்ணு? மாப்ள ஊட்டு ஆளுகளா இருக்கும்” என்றார். வாளியின் விளிம்பை முந்தானையால் துடைத்தார். “நல்லாச் சாப்பிட்டாங்க.”

வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். அந்த ஆள் இல்லை. அப்புறம் அவரை யாரும் பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஆடிச் சீர் முடிந்து சரசக்கா ஒரு தூக்குப்போசி நிறைய முறுக்கு எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். கவிதா நன்றாக இருக்கிறாள், மாமியார் தங்கமானவள் என்று சொன்னார். நெற்றி அப்படியே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே, இனி வெச்சுக்கலாமில்லீங்க்கா?” என்று கேட்டேன். “அச்சுல ஏறிப்போச்சே அம்மணி” என்றார். முறுக்கு உடையாமல் இருக்கிறதா என்று போசிக்குள் பார்த்துக்கொண்டார்.

அந்தச் சந்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். மிஷினைப் பிரித்து எடைக்குப் போட்டதைப் பார்க்கத் துரை அண்ணன் இல்லை, அதற்கு முன்பே போய்விட்டார். பேக்கரியில் பன்னைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பதும் நின்றுபோயிற்று. போன ஆவணியில் கவிதா போன் செய்து, அம்மா தவறிவிட்டார், போனில் அனுப்புகிற கண்ணீர் அஞ்சலிப் படத்தை நீங்கள்தான் கம்ப்யூட்டரில் செய்து தர வேண்டும் என்று அழுதாள். பெயர்களை அவளே அனுப்பியிருந்தாள். தெய்வத்திரு பழனிச்சாமியின் மனைவி என்று இருந்தது. அதற்குக் கீழே வெறும் நெற்றியோடு சரசக்கா. இன்றைக்கு எதுவும் அச்சில் ஏறி நிற்பதில்லை, எல்லாவற்றையும் நினைத்த நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். அந்த ஒரு வார்த்தையை எடுக்க எனக்கு ஒரு நொடி ஆகாது. எடுக்கச் சொல்லச் சரசக்காதான் இல்லை.